காசு வாங்கலைங்க, பொருள் மட்டும்தான்!

"இது பெய்டு ப்ரமோஷன் கிடையாதுங்க. ஒரு பைசா வாங்கல. பொருள் மட்டும்தான் அனுப்பி வச்சாங்க. அதனால நான் சொல்லப்போறது நூறு சதவீதம் என் சொந்தக் கருத்து." தமிழில் பொருள் விமர்சனக் காணொளி பார்க்கிற எவருக்கும் இந்த வசனம் மனப்பாடமாகியிருக்கும். செல்பேசி, கிரைண்டர், முகப்பூச்சு, சத்துமாவு, பேட்டரி தெளிப்பான் என்று எதை எடுத்தாலும் பேச்சு இங்கேதான் தொடங்குகிறது. இவ்வளவாவது சொல்கிறவர்கள் பரவாயில்லை. "காசு வாங்கல" என்பதோடு நிறுத்திவிட்டு, மேசை மேல் இருக்கும் பொருள் எங்கிருந்து வந்தது என்பதைப் பற்றி மூச்சுவிடாதவர்களும் இருக்கிறார்கள்.

இதன் பின்னால் எல்லோரும் ஒப்புக்கொண்டுவிட்ட ஒரு கருத்து இருக்கிறது. பணம் வாங்கிக்கொண்டு புகழ்வது தப்பு. பொருளை இலவசமாக வாங்கிப் பயன்படுத்திப் பார்த்துச் சொல்வது தொழில். முன்னதை அறிவித்தே ஆக வேண்டும். பின்னதை அறிவித்தால் நல்லது, அறிவிக்காவிட்டாலும் குடி முழுகிவிடாது. பேசுகிறவர், அனுப்புகிற நிறுவனம், பார்க்கிற நாம் என எல்லோருக்கும் இது வசதியாகவும் இருக்கிறது. நான் இதற்கு நேர் எதிராகச் சொல்கிறேன். விளம்பரம் என்று அறிவித்துவிட்டுச் செய்யும் விளம்பரத்தைவிட, அறிவிக்காமல் வாங்கிய இலவசப் பொருள்தான் வாங்குபவருக்கு அதிகக் கேடு. விளம்பரம் என்று தெரிந்தால் பாதிக் காதோடு கேட்கிறோம். விமர்சனம் என்று நம்பிவிட்டால் பணத்தை எடுத்து வைத்துவிடுகிறோம்.

முதலில் 'காசு இல்லையே' என்ற வாதத்தைப் பார்ப்போம். இதற்குப் பதில் சொல்ல அறநெறி அறிஞர்கள் யாரும் வேண்டாம், வருமான வரித்துறையே போதும். 2022-இல் வருமான வரிச் சட்டத்தில் 194ஆர் என்ற பிரிவு சேர்க்கப்பட்டு, அந்த ஆண்டு ஜூலை 1 முதல் நடைமுறைக்கு வந்தது. தொழிலின் பொருட்டு ஒருவருக்குக் கொடுக்கும் ஆதாயங்கள் ஓராண்டில் 20,000 ரூபாயைத் தாண்டினால், கொடுப்பவர் 10 சதவீதம் வரி பிடித்துக் கட்ட வேண்டும் என்பது அதன் சாரம். அதற்கு விளக்கமாக 2022 ஜூனில் மத்திய நேரடி வரிகள் வாரியம் வெளியிட்ட சுற்றறிக்கை, சமூக ஊடகங்களில் பொருள்களைப் பற்றிப் பேசுகிறவர்களை வெளிப்படையாகவே எடுத்துக்கொண்டது. கார், செல்பேசி, உடை, அழகுப்பொருள் எதுவானாலும், வேலை முடிந்ததும் நிறுவனத்திடமே திருப்பிக் கொடுத்துவிட்டால் அது ஆதாயம் ஆகாது. தானே வைத்துக்கொண்டால் ஆதாயம். அதற்கு வரி உண்டு. நம் வரித்துறையிடமிருந்து ஒழுக்கம் கற்க நேரும் என்று நான் எதிர்பார்த்ததில்லை, ஆனாலும் இதைவிடத் தெளிவாக யாரும் சொல்லிவிடவில்லை. அரசாங்கத்தின் கணக்கில் வரவாக இருப்பது பார்வையாளரிடம் பேசும்போது மட்டும் 'ஒன்றும் வாங்கல' என்று எப்படி மாறும்?

அடுத்தது, "பொருளை வாங்கினாலும் என் வாயை யாரும் வாங்க முடியாது" என்ற வீரவசனம். இதைத் தமிழர்கள் சொல்வதுதான் வேடிக்கை. செஞ்சோற்றுக் கடனுக்காக, தவறென்று தெரிந்த பக்கத்தில் நின்று உயிரைவிட்ட கர்ணனை நாயகனாக்கி, கர்ண மோட்சக் கூத்தை விடிய விடியப் பார்த்து அழுகிறவர்கள் நாம். திருக்குறளில் செய்ந்நன்றி அறிதலுக்குத் தனி அதிகாரமே இருக்கிறது. நமக்கு உதவியவரைக் குறைசொல்ல நாக்கு எழும்பாமல் இருப்பதையே பண்பு என்று பிள்ளைகளுக்குச் சொல்லி வளர்க்கிறோம். அப்படி வளர்ந்த மனசு, கூரியரில் வந்த பெட்டியைப் பிரிக்கும் நேரத்தில் மட்டும் உணர்ச்சியற்றுப் போய்விடும் என்று நம்பச் சொல்கிறார்கள்.

உளவியலாளர்கள் இதைச் சோதித்தே பார்த்திருக்கிறார்கள். அமெரிக்காவின் டென்னிஸ் ரீகன் 1971-இல் வெளியிட்ட பரிசோதனை பிரபலமானது. கூட இருந்த ஆள் வெளியே போய்விட்டுத் திரும்பும்போது, கேட்காமலேயே ஒரு கோகோ கோலா வாங்கி வந்து கொடுக்கிறார். பிறகு போகிற போக்கில், குலுக்கல் சீட்டு விற்கிறேன், வாங்குகிறீர்களா என்கிறார். கோலா வாங்கிக் குடித்தவர்கள், குடிக்காதவர்களைப் போல ஏறக்குறைய இரண்டு மடங்கு சீட்டுகளை வாங்கினார்கள். அந்த ஆளைப் பிடித்ததா பிடிக்கவில்லையா என்பதுகூட அங்கே முக்கியமாக இல்லை. கடன் பட்டதே போதுமானதாக இருந்தது. கோலாவின் விலை அப்போது 10 சென்ட். இன்றைய செல்பேசியின் விலையை நீங்களே போட்டுப் பார்த்துக்கொள்ளுங்கள்.

"அது சாதாரண மக்களுக்கு. விஷயம் தெரிந்தவர்களுக்கு இல்லை" என்று இதற்கும் ஒரு பதில் வரும். மருத்துவர்களைவிட விஷயம் தெரிந்தவர்கள் யார்? மருந்து நிறுவனங்களின் அன்பளிப்பு குறித்து அமெரிக்கப் பயிற்சி மருத்துவர்களிடம் கேட்ட ஓர் ஆய்வு 2001-இல் வெளியானது. தான் மருந்து எழுதுவதை நிறுவனங்களின் விளம்பர முயற்சிகளும் தொடர்புகளும் பாதிக்கவில்லை என்றவர்கள் 61 சதவீதம். சக மருத்துவர்களும் அதேபோல் பாதிக்கப்படவில்லை என்று நம்பியவர்கள் வெறும் 16 சதவீதம். நான் சுத்தம், அடுத்தவன்தான் சந்தேகத்துக்குரியவன். விமர்சகர்கள் நாலு பேரைத் தனித்தனியாக விசாரித்தாலும் இதே கணக்குத்தான் வரும். இந்தியாவில் மருந்து நிறுவனங்களுக்கான 2024 மார்ச் நெறிமுறை, ஒரு மருத்துவருக்கு ஒரு மருந்தில் ஆண்டுக்கு 12 சாம்பிள் பொதிகளுக்கு மேல் தரக்கூடாது என்று எண்ணிக்கை போட்டிருக்கிறது. சாம்பிளால் பாதிப்பே இல்லை என்றால் எண்ண வேண்டிய அவசியம் என்ன?

இதுவரை பேசியதெல்லாம் மனசைப் பற்றியது. மனசே இல்லாத ஓர் இயந்திரத்தை விமர்சகராக உட்கார வைத்தாலும் இலவசப் பொருள் விமர்சனத்தைக் கெடுத்துவிடும். நேர்மையைப் பற்றியே சுற்றிச் சுற்றிப் பேசுகிறவர்கள் இந்தப் பக்கம் வருவதே இல்லை.

பொருளை யாருக்கு அனுப்புவது என்பதை நிறுவனம் தீர்மானிக்கிறது. 2020 டிசம்பரில் என்விடியா நிறுவனம், ஆஸ்திரேலியாவின் 'ஹார்டுவேர் அன்பாக்ஸ்டு' விமர்சகர்களுக்கு ஒரு மின்னஞ்சல் அனுப்பியது. தங்கள் கிராபிக்ஸ் அட்டைகளின் ரே டிரேசிங் வசதிக்கு அவர்கள் போதிய முக்கியத்துவம் தரவில்லை. ஆகவே தங்கள் சொந்தத் தயாரிப்பு அட்டைகளை இனி விமர்சனத்துக்கு அனுப்பப் போவதில்லை. அவர்களுடைய போக்கு மாறினால் மறுபடி யோசிக்கலாம் என்பது செய்தி. அவர்கள் அதைப் பகிரங்கப்படுத்தினார்கள், உலகம் முழுக்கக் கூச்சல் எழுந்தது, சில நாட்களில் நிறுவனம் பின்வாங்கியது. அவர்கள் பெரிய ஆட்கள், எனவே தப்பித்தார்கள். சேலத்திலோ திருநெல்வேலியிலோ இருந்துகொண்டு மிக்சியையும் குக்கரையும் விமர்சிக்கும் ஒருவருக்கு அப்படி மின்னஞ்சல்கூட வராது. கூரியர் வருவது நின்றுபோகும், அவ்வளவுதான். கடுமையாகப் பேசியவர்கள் ஒவ்வொருவராகக் கழிந்த பிறகு மிச்சம் இருப்பவர்கள்தான் திரையில் வரிசையாக நிற்கிறார்கள். அவர்களில் ஒருவர்கூடப் பொய் சொல்லாமல் இருக்கலாம். ஆனால் பத்துப் பேரும் ஒரே குரலில் பாராட்டுகிறார்களே என்று நாம் எடுத்துக்கொள்ளும் முடிவு தப்பாகத்தான் இருக்கும்.

எந்தப் பொருளை அனுப்புவது என்பதும் நிறுவனத்தின் கையில். 2016 ஜூனில் டெக்பவர்அப் தளம் ஒரு விஷயத்தை வெளிக்கொண்டு வந்தது. எம்எஸ்ஐ, ஏசுஸ் நிறுவனங்கள் விமர்சகர்களுக்கு அனுப்பிய சில ஜிடிஎக்ஸ் 1080 அட்டைகள், கடையில் விற்றவற்றைவிடச் சற்றுக் கூடுதல் வேகத்தில் ஓடும்படி அமைக்கப்பட்டிருந்தன. வித்தியாசம் சிறியதுதான், கடையில் வாங்கியவரும் மென்பொருளைத் திருகி அந்த வேகத்தை எட்டிவிடலாம்தான். ஆனால் பெட்டியைப் பிரித்ததும் விமர்சகருக்குக் கிடைத்தது வாங்கியவருக்குக் கிடைக்கவில்லை. தக்காளிக் கூடையின் மேலடுக்கைப் பார்த்து விலை பேசுகிற யாருக்கும் இது புரியும். அளவிட எளிதான கணினி அட்டையிலேயே இப்படி என்றால், சத்துமாவிலும் முகப்பூச்சிலும் மேலடுக்கு எது, அடியடுக்கு எது என்று எந்தக் கருவியை வைத்துக் கண்டுபிடிப்பது?

இப்போது மார்டள்ளிக்கு வாருங்கள். மாதேஸ்வரன் மலையை ஒட்டிய ஊர். சாமராஜநகர் மாவட்டத்து ஹனூர் தாலுக்காவில் இருக்கிறது. கர்நாடகத்துக்குள் தமிழ் பேசும் கத்தோலிக்க விவசாயிகள் நிறைந்த ஊர். பாலாற்றைத் தாண்டினால் மேட்டூர்ப் பக்கம். வெளியூராருக்கு இந்தப் பக்கமெல்லாம் வீரப்பன் செய்திகளில் கேள்விப்பட்ட பெயர்கள். அங்கே இருப்பவர்களுக்கு மக்காச்சோளமும் ராகியும் மழையும்தான் கவலை. களையெடுக்க ஆள் கிடைக்காத ஒரு பருவத்தில் பவர் வீடர் வாங்கலாமா என்று யோசிக்கும் விவசாயி ஒருவரை அங்கே நினைத்துக்கொள்ளுங்கள். அவர் யாரைக் கேட்பார்? பக்கத்துக் காட்டுக்காரர் இன்னும் வாங்கவில்லை. கடைக்காரர் விற்கத்தான் பார்ப்பார். கையில் போன் இருக்கிறது, அதில் தமிழில் ஒருவர் வயலில் நின்று பேசுகிறார். "சூப்பரா ஓடுதுங்க, இந்த விலைக்கு வொர்த்துங்க."

எந்த விலைக்கு? பேசியவர் விலையே கொடுக்கவில்லையே. வட்டிக்கு வாங்கியோ நகையை அடகு வைத்தோ கட்டிய தொகை மூன்றாம் மாதத்தில் எப்படி உறுத்தும் என்பது அவருக்குத் தெரிய வாய்ப்பில்லை. இலவசமாக வந்த பொருளைப் பற்றி எத்தனையோ உண்மைகளைச் சொல்ல முடியும். விலைக்குத் தகுமா என்ற ஒன்றை மட்டும் சொல்ல முடியாது. வாங்குபவருக்குத் தேவைப்படுவதோ அந்த ஒன்றுதான். கார்புரேட்டர் அடைத்துக்கொண்டால் கொள்ளேகாலத்துக்குக் கொண்டுபோக வேண்டுமா, மேட்டூருக்கா? பெல்ட் அறுந்தால் உதிரி கிடைக்குமா? சர்வீஸ் ஆள் போனை எடுப்பாரா? இதெல்லாம் காசு கொடுத்து வாங்கி, உழைத்துப் பார்த்து, கெட்டுப்போய் அலைந்தவருக்குத் தெரிந்த விஷயங்கள். நிறுவனமே அனுப்பி, சில நாள் ஓட்டிப் பார்த்தவருக்குக் கெட்டுப்போகும் கட்டமே வந்திருக்காது. வந்தாலும் நிறுவனத்து ஆளே ஓடி வருவார்.

"இலவசமாத்தான் வந்திருக்கும்னு எல்லாருக்கும் தெரியுமே, தனியா வேற சொல்லணுமா?" என்று கேட்கிறவர்கள் சென்னையில் உட்கார்ந்துகொண்டு கேட்கிறார்கள். பொட்டியைப் பிரிக்கும் காணொளிகளில் ஊறிப்போன இளைஞனுக்கு அது தெரியலாம். முதல்முறையாகத் தேடிப் பார்க்கிற நடுவயது விவசாயிக்கு, நம்மைப் போலவே ஒருத்தர் வாங்கியிருக்கிறார் போல என்றுதான் தோன்றும். அறிவிப்பு போடுகிறவர்களும் எப்படிப் போடுகிறார்கள்? பேச்சு முழுக்கத் தமிழில். அறிவிப்பு மட்டும் ஆங்கிலத்தில், பொடி எழுத்தில், ஹேஷ்டேக் கூட்டத்துக்கு நடுவே 'ஆட்' என்றோ 'கொலாப்' என்றோ. மார்டள்ளிக்காரர் வீட்டில் தமிழ் பேசுகிறார், பள்ளியில் கன்னடம் படித்தார், தாலுக்கா அலுவலகத்தில் கன்னடத்தில் மனு கொடுக்கிறார். இரண்டு மொழிகளோடு வாழ்கிற மனிதரிடம் மூன்றாவது மொழியில் ஒரு சங்கேதக் குறியைக் காட்டிவிட்டு, சொல்லிவிட்டோமே என்றால் அது ஏமாற்று வேலை.

விதிகள் இல்லாமல் இல்லை. விளம்பரத் துறையினரே அமைத்துக்கொண்ட ஆஸ்கி அமைப்பின் வழிகாட்டுதல்கள் 2021 ஜூன் 14 முதல் நடைமுறையில் இருக்கின்றன. அறிவிக்க வேண்டிய தொடர்புகளின் பட்டியலில் பணத்தோடு இலவசப் பொருளும் இருக்கிறது. நிபந்தனையோடு வந்ததோ நிபந்தனை இல்லாமல் வந்ததோ, கேட்டு வாங்கியதோ கேட்காமல் வந்ததோ, எல்லாம் அதில் அடக்கம். அதைவிட முக்கியமாக, கருத்து நடுநிலையானதாக இருந்தாலும், முழுக்கச் சொந்தக் கருத்தாகவே இருந்தாலும் தொடர்பை அறிவித்தாக வேண்டும் என்று அது சொல்கிறது. "என் சொந்தக் கருத்து" என்ற வசனத்தின் கதை அங்கேயே முடிந்துவிடுகிறது. அறிவிப்பு, அதைப் பார்க்கும் சராசரி ஆளுக்கு நன்றாக விளங்க வேண்டும் என்பதும் அதில் உண்டு. அரசுத் தரப்பில் 2022 ஜூனில் மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையத்தின் வழிகாட்டுதல்களும், 2023 ஜனவரியில் நுகர்வோர் விவகாரத் துறையின் விளக்கக் கையேடும் வந்தன. காணொளி என்றால் எழுத்திலும் குரலிலும் அறிவிக்க வேண்டும் என்கிறது கையேடு. தவறான விளம்பரத்துக்கு 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி முதல்முறை 10 லட்சம் ரூபாய் வரையும், மீண்டும் செய்தால் 50 லட்சம் வரையும் அபராதம் விதிக்கலாம். பரிந்துரைத்தவருக்கு முதல்முறை ஓராண்டு வரை தடையும் போடலாம். இதெல்லாம் நடிகர்களுக்கும் கிரிக்கெட் வீரர்களுக்கும் மட்டும் என்று நினைத்துக்கொண்டிருப்பவர்கள் கையேட்டை ஒருமுறை படித்துவிடுவது நல்லது.

இலக்கியக்காரர்கள் ஒரு கேள்வி வைத்திருப்பார்கள்: புத்தக மதிப்புரைக்கு இலவசப் பிரதி வாங்கவில்லையா? வாங்குகிறோம். ஆனால் தமிழ்ப் பத்திரிகைகள் அதை ஒளித்ததில்லை. மதிப்புரைக்கு இரண்டு பிரதிகள் அனுப்பவும் என்று பகிரங்கமாக அச்சிட்டார்கள். வந்த புத்தகங்களை எல்லாம் 'வரப்பெற்றோம்' என்று பட்டியல் போட்டார்கள். மதிப்புரை வந்ததோ வரவில்லையோ, பட்டியலில் பெயர் இருக்கும். யார் அனுப்பினார்கள், எதை எழுதினார்கள், எதை எழுதாமல் விட்டார்கள் என்று வாசகர் ஒப்பிட்டுப் பார்க்க முடிந்தது. நான் கேட்பதும் அந்தப் பட்டியலைத்தான். (தமிழ்ப் புத்தக மதிப்புரையின் நோய் இலவசப் பிரதியால் வந்ததில்லை, நட்பால் வந்தது. அது வேறு கட்டுரை.)

எதிர்த்தரப்பில் வலுவான வாதம் என்று நான் மதிப்பது ஒன்றுதான். அமெரிக்காவின் 'கன்ஸ்யூமர் ரிப்போர்ட்ஸ்' 1936-இலிருந்து இயங்கும் அமைப்பு. உறுப்பினர் சந்தாவும் நன்கொடையும் இருப்பதால் சோதிக்கும் பொருள்களைக் கடையில் காசு கொடுத்து வாங்க அதனால் முடிகிறது. அறையின் மூலையில் ஒரு விளக்கை மாட்டிக்கொண்டு தமிழில் பேசும் இளைஞரோ, சமையலறையிலிருந்து பேசும் இல்லத்தரசியோ மாதம் நாலு பொருளை எப்படி வாங்குவார்? வாங்க முடியாதுதான். ஆகவே சாம்பிளே வாங்காதீர்கள் என்று நான் சொல்லவில்லை. வாங்குங்கள், சொல்லிவிட்டு வாங்குங்கள். முடிந்தால் திருப்பிக் கொடுங்கள். வறுமை சாம்பிள் வாங்குவதற்குக் காரணமாகலாம். அதை மறைப்பதற்குக் காரணமாகாது. மறைப்பதில் மிச்சமாகும் செலவு என்று எதுவும் இல்லை.

சொல்லிவிட்டால் எல்லாம் சரியாகிவிடுமா என்றால், அதுவும் இல்லை. கெய்ன், லோவன்ஸ்டீன், மூர் என்ற மூன்று ஆய்வாளர்கள் 2005-இல் வெளியிட்ட பரிசோதனையில், ஒரு ஜாடியில் எவ்வளவு நாணயம் இருக்கிறது என்று தூரத்திலிருந்து சிலர் மதிப்பிட வேண்டும். பக்கத்திலிருந்து பார்த்த ஆலோசகர்கள் அவர்களுக்கு வழி சொல்வார்கள். மதிப்பீடு அதிகமானால் ஆலோசகருக்கு லாபம். அந்த லாபத்தை அறிவிக்கச் சொன்னபோது ஆலோசகர்கள் இன்னும் கூட்டிச் சொன்னார்கள். கேட்டவர்கள் அந்த அளவுக்குக் கழித்துக்கொள்ளவில்லை. சொல்லிவிட்டோம், இனி நம் பொறுப்பு முடிந்தது என்ற துணிச்சல். அறிவிப்பதே வீண் என்று வாதிடுகிறவர்கள் இந்த ஆய்வைத் தூக்கிக்கொண்டு வருவார்கள். எனக்கு அதிலிருந்து கிடைப்பது வேறு: 'ஸ்பான்சர்டு' என்ற ஒற்றைச் சொல் போதாது, கழித்துப் பார்ப்பதற்கான தகவல் வேண்டும். அனுப்பியது யார், பொருளின் விலை என்ன, வைத்துக்கொண்டீர்களா, திருப்பினீர்களா, எத்தனை நாள் பயன்படுத்தினீர்கள், வெளியிடுவதற்கு முன் நிறுவனத்திடம் காட்டினீர்களா? காணொளியின் தொடக்கத்திலேயே, பேசுகிற அதே தமிழில், குரலில்.

விமர்சகர்களிடம் கேட்டாயிற்று. வாங்கப் போகிறவர்களுக்கும் ஒன்று. அடுத்த முறை "இந்த விலைக்கு வொர்த்து" என்று எவராவது சொன்னால், "நீங்க எவ்வளவு குடுத்தீங்க?" என்று கேளுங்கள். பதில் வரவில்லை என்றால் பணத்தை வெளியே எடுக்காமல், அதே பொருளைக் காசு கொடுத்து வாங்கி ஒரு பருவம் ஓட்டிய ஒருவரைத் தேடிப் பிடித்து விசாரியுங்கள்.